உப்பளத்தில் ஓட்டிப் பார்த்த பனித் தகடு

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் செம்பூரில் ஒரு இயந்திரக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்பெனி என்று சொல்வது மரியாதைக்காக. ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிவிட்ட லாரி, ஜெனரேட்டர், கூடாரக் கம்பி, என்னவென்றே தெரியாத இரும்பு எல்லாவற்றையும் ஒரு குஜராத்தி சேட் மொத்தமாக வாங்கி, முள்வேலி போட்ட பொட்டலில் குவித்து வைத்திருந்தார். அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு தகர ஷெட். அதுதான் ஆபீஸ். மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கிப் புழுதியில் நடந்து அங்கே போய்ச் சேரும்போது என் புடவையின் கீழ்ப்பாதி செம்மண் நிறமாகியிருக்கும். இன்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்து மாப்பிள்ளை வரக் காத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொள்வேன்.

மானேஜர் எங்கள் மாட்டுங்காக்காரர்தான். யுத்தத்துக்கு முன்னால் ஏதோ பயிற்சிக்காக ஒரு குளிர்காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஒரு குளிர்காலத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு ஆயுசையே ஓட்டினார். டீ ஆறிப்போனால் லண்டன் டீ, ரயில் தாமதமானால் லண்டன் ரயில். டிசம்பர் மாதத்தில், எல்லாரும் முண்டா பனியனோடு வேர்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். கழுத்தில் வேர்க்குரு வந்து சொறிந்துகொண்டாரே தவிர மஃப்ளரைக் கழற்றியதில்லை.

அந்த இரும்புக் குவியலில் ஒரு மூலையில் மூன்று தகடுகள் கிடந்தன. ஸ்நோ பிளோ, பனிக் கலப்பை, என்று ஆபீஸில் சொல்வோம். டிராக்டருக்கோ லாரிக்கோ முன்னால் மாட்டி, சாலையில் விழுந்து கிடக்கும் பனியைத் தள்ளுகிற இரும்புப் பலகை. ராணுவம் எல்லைப்புற மலைகளுக்கென்று தருவித்து, அனுப்பாமலே யுத்தத்தை முடித்துவிட்டது. ஒன்று பிரம்மாண்டமானது. கப்பலின் முன்பக்கம் போலக் கூராக வந்து, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி இருக்கும். ஒன்று நேரான சின்னத் தகடு. மூன்றாவது துருப்பிடித்து ஓட்டை விழுந்து, தொட்டி மாதிரி வளைந்து கிடந்தது. பம்பாயில் இவற்றை யார் வாங்குவார்கள்? தாராவியிலிருந்து வரும் எங்கள் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர், முதல் முறை இது என்ன என்று கேட்டபோது, பனியைத் தள்ளுவதற்கு என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்த பனி மார்கழி மாதத்துப் புல்லில் இருப்பது.

“பனியத் தள்ளுததுக்கு எதுக்கும்மா இரும்பு? வெயில் வந்தா தன்னால போயிரும்லா” என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் நானும் பனியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். சேட் அதுகூடப் பார்த்ததில்லை. அந்த ஷெட்டில் பனியை நேரில் கண்டவர் மானேஜர் ஒருவர்தான் என்பதால், அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

இந்த நிலைமையில்தான் டாக்டரம்மா வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது, வெள்ளைக் கதர்ப் புடவை, கையில் ஒரு குடை. இமயமலை அடிவாரத்துக்கும் மேலே, ஒரு சின்ன ஊரில் காசநோய் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். பல வருஷங்களாக அங்கேயே இருக்கிறார். யுத்தம் முடிந்து கிளம்பிய ராணுவ முகாம் ஒன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன டிராக்டரை விட்டுவிட்டுப் போயிருந்தது. விறகு இழுக்க, தண்ணீர்த் தொட்டி இழுக்க அது உதவியது. ஆனால் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் மோட்டார் ரோட்டுக்கும் நடுவே உள்ள பாதை பனியில் மூடிப்போகும். பால் வராது, மருந்து வராது, நோயாளியை மேலே கொண்டுவர முடியாது. அந்த டிராக்டருக்கு முன்னால் மாட்ட ஒரு தகடு வேண்டும், அவ்வளவுதான். டில்லியில் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. யாரோ பம்பாயில் எங்களிடம் இருப்பதாகச் சொல்ல, மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருந்த தன் சித்தி வீட்டுக்கு வந்து தங்கி, அங்கிருந்து எங்கள் ஷெட்டைத் தேடி வந்துவிட்டார்.

வந்தவர் சின்னத் தகட்டைத்தான் முதலில் பார்த்தார். குனிந்து அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். தன் டிராக்டரின் சக்கர அகலத்தை அதில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை வைத்து அளந்தார். தகட்டைச் சாய்வாகத் திருப்பி வைத்தாலும் சக்கரத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டார். இருந்தது.

மானேஜர் இதையெல்லாம் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரைப் பெரிய கலப்பையின் பக்கம் அழைத்துப்போய் ஒரு பிரசங்கம் செய்தார். லண்டனில் பனி எப்படி விழும், காலையில் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும், ஒரு நல்ல கூரான கலப்பை அதை எப்படி வெண்ணெய் வெட்டுவது போல வெட்டிக்கொண்டு போகும் என்று விவரித்தார். பத்து குளிர்காலத்துக்கு மேல் பனியில் வாழ்ந்த பெண்ணிடம், ஒரு குளிர்காலம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தவர் பனியைப் பற்றிப் பாடம் நடத்தினார். பாடம் முடியும் வரை டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய பொறுமை ஆச்சரியமாக இருந்தது. காசநோய்க்காரர்களோடு பழகிய பொறுமை போலிருக்கிறது.

பிறகு சொன்னார்: “எங்க பாதைக்கு ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் பள்ளம். இந்தப் பெரிசு பனியை ரெண்டு பக்கமும் தள்ளும். மலைப் பக்கம் தள்ளின பனி எங்கே போகும்? அங்கேயே முட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு எல்லாத்தையும் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கற மாதிரி ஒண்ணு வேணும். சின்னதைச் சாய்ச்சு வெச்சா அது செய்யும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரியும். மானேஜருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை. சின்னது சின்ன வேலைக்குத்தான் என்றார். ஃபிட்டரும் சேர்ந்துகொண்டார். கனம் இருந்தால்தான் தள்ளும், எடை இல்லாத சாமானை வைத்து எதைத் தள்ளுவது என்பது அவர் கட்சி. பனிக்கு எதற்கு இரும்பு என்று அன்றைக்குக் கேட்டவர் இப்போது அதில் நிபுணராகிவிட்டார். சேட்டுக்குப் பேச்சு புரியாவிட்டாலும் அவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. பெரியது அந்தப் பொட்டலில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும்.

கடைசியில் மானேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. வடாலாவில் சேட்டின் உறவினருக்கு உப்பளம் இருந்தது. அங்கே மலை மலையாக உப்பு குவிந்து கிடக்கும். நம்மிடம் அதே மாதிரி டிராக்டர் ஒன்றும் இருக்கிறது. பெரிய கலப்பையை மாட்டி உப்பில் ஓட்டிக் காட்டலாம்.

“உப்பும் ஸ்நோவும் ஒண்ணுதான் டாக்டர். நிறம், பதம், எல்லாம் அப்படியே. நான் பார்த்திருக்கேனே” என்றார்.

டாக்டரம்மா, சரி, ஓட்டுங்கள் என்றார்.

மறுநாள் உப்பளத்துக்கு ஒரு கல்யாணக் கூட்டம் மாதிரி போனோம். சேட் சலவை வேட்டியில் வந்தார். கூடவே உப்பளத்துக்காரர், அவருடைய மைத்துனர்கள். மானேஜர் வெள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு போட்டோக்காரரையும் பிடித்து வந்திருந்தார். என்னையும் நோட்டும் பென்சிலுமாக வரச் சொல்லியிருந்தார். டாக்டர் வாயால் திருப்தி என்று சொன்னதும் அதை நான் எழுதிக்கொள்ள வேண்டும். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பனிப் பிரதேசத்துக்கு இயந்திரம் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் எல்லாரும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றோம்.

ஃபிட்டர் டிராக்டரை ஓட்டினார். கலப்பையின் கனத்தில் டிராக்டரின் முன்பக்கம் தாழ்ந்து, பின்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் உருண்டன. திறந்த வெளியில் ஒரு சின்ன உப்புக் குவியலில் கொண்டுபோய் விட்டார். குவியல் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் சரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மைத்துனர்கள் கை தட்டினார்கள். போட்டோக்காரர் படம் எடுத்தார். மானேஜர் என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள் என்று ஜாடை காட்டினார்.

டாக்டரம்மா குடையை நீட்டி உப்புக் கிடங்கின் பக்கம் காட்டினார். அங்கே ஒரு நீளமான சுவர். சுவரை ஒட்டி வண்டிப் பாதை. பாதையின் மறு பக்கம் தண்ணீர் வடியும் வாய்க்கால். பாதை முழுவதும் உப்பு சிந்திக் கிடந்தது.

“எங்க ஊர்ப் பாதை இப்படித்தான் இருக்கும். இதுல ஓட்டிக் காட்டுங்க” என்றார்.

மானேஜர் தாராளமாகச் சம்மதித்தார். யோசிக்கிற பழக்கம் இருந்தால் சம்மதித்திருக்க மாட்டார். ஃபிட்டர் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனது. சுவர்ப் பக்கத்து இறக்கை தள்ளிய உப்புக்குப் போக இடமில்லை. சுவரில் முட்டி, இறுகி, மேலே மேலே ஏறி, கடைசியில் கலப்பையையே திருப்பித் தள்ளியது. டிராக்டரின் மூக்கு மெதுவாக வாய்க்கால் பக்கம் திரும்பியது. ஃபிட்டர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் கேட்கவில்லை. பின்சக்கரங்கள் சும்மா சுழன்று உப்புச் சேற்றை வாரி இறைத்தன. சேட்டின் சலவை வேட்டி முழங்கால் வரை கறுப்பானது. ஃபிட்டர் குதித்துவிட்டார். டிராக்டர் முன்சக்கரத்தை வாய்க்காலில் விட்டுக்கொண்டு, கும்பிடு போடுகிற மாதிரி நின்றது.

யாரும் கை தட்டவில்லை. உப்பு வண்டி மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்து கட்டி இழுத்தார்கள். மானேஜர் வெள்ளை பூட்ஸோடு வாய்க்காலின் ஓரத்தில் நின்று மாடுகளுக்கு இங்கிலீஷில் கட்டளை கொடுத்தார்.

இங்கே பாதைக்கு ஒரு பக்கம் வாய்க்கால்தான். டாக்டரம்மாவின் ஊரில் அது எத்தனை ஆழப் பள்ளமோ. டாக்டரம்மா, சின்னதை எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது மானேஜர் சொன்னதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். “உப்பை வெச்சு முடிவு பண்ண முடியாது டாக்டர். உப்பு வேற, ஸ்நோ வேற” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முந்தின நாள் எதிர்மாறாகச் சொன்னவர் வேறு யாரோ என்பது போல இருந்தார். வெட்கப்படத் தெரியாதவர்களை ஒன்றும் செய்ய முடியாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

சின்னத் தகட்டில் சில்லறை வேலைகள் இருந்தன. கல்லில் மோதினால் மடங்கிக்கொடுத்துத் திரும்ப நிமிர்வதற்கு அதன் பின்னால் இரண்டு ஸ்பிரிங். ஒன்று உடைந்திருந்தது. அடியில் சறுக்கிப் போக இரண்டு இரும்புக் கட்டைகள். ஃபிட்டர் அவற்றைச் செருப்பு என்பார். அவை இறுகிப் போயிருந்தன. சரளைக்கல் பாதையில் தகடு தரையைச் சுரண்டாமல் ஒரு விரல் மேலே நிற்க வேண்டும், அதனால் அந்தச் செருப்பு ஏறி இறங்க வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதமாக இருந்தார். ஃபிட்டர் தாராவியில் தனக்குத் தெரிந்த பட்டறைக்கு அதைக் கொண்டுபோனார். டாக்டரம்மாவும் கூடவே போய், தோல் நாற்றத்துக்கும் கரிப்புகைக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேலை முடியும் வரை எழுந்திருக்கவில்லையாம். ஃபிட்டர் என்னிடம் வந்து முறையிட்டார், “அந்தம்மா கண்ணு கொத்துதும்மா, பீடி கூடக் குடிக்க முடியல.” ஆனால் வேலை ஒழுங்காக நடந்தது. தகடு திரும்ப ஷெட்டுக்கு வந்தது. டாக்டரம்மா பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுநாள் லாரியில் ஏற்றி வடாலா கூட்ஸ் யார்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் சேட்டும் மானேஜரும் என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பெரியதையே அனுப்பிவிடலாம் என்று மானேஜர் ஹிந்தியில் சேட்டுக்கு எடுத்துச் சொன்னார். அவ்வளவு பெரிய இரும்பை மலைமேல் கொண்டுபோன பிறகு யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள், வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். கேட்டால் தவறுதலாக மாறிப்போயிற்று என்று சொல்லலாம். சேட் முதலில் தயங்கினார். பிறகு ஜன்னல் வழியாக அந்தக் கலப்பையைப் பார்த்தார். தயக்கம் போய்விட்டது.

இதையெல்லாம் என் எதிரில் வைத்துப் பேசினார்களே, அதுதான் எனக்கு உறைத்தது. ரகசியம் என்று குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. டைப் அடிக்கிற மிஷினுக்குக் காது கிடையாது, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் கிடையாது என்பது அவர்கள் எண்ணம். அந்த வருத்தமா, வாய்க்காலில் மூக்கைக் கவிழ்த்த டிராக்டரா, எது என்னைத் தூண்டியது என்று எனக்கே தெரியாது. மாட்டுங்காவில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தேன்.

டாக்டரம்மா சித்தியின் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு, லாரி எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதன்பின் என்னைப் பார்த்து, “உனக்கு வேலை போயிடுமே” என்றார்.

போகட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அப்பாவிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். ஊரான் விவகாரத்தில் தலையிட உன்னை யார் சொன்னது என்று கேட்டார். அவர் ரயில்வேயில் ஆயுசு முழுக்கத் தலையிடாமலே இருந்து பென்ஷன் வாங்கியவர்.

மறுநாள் காலையில் நானும் டாக்டரம்மாவும் ஒரே வண்டியில் செம்பூருக்குப் போனோம். நாங்கள் போனபோது பெரிய கலப்பையைச் சங்கிலி போட்டு லாரியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா ஆபீஸுக்குள் போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து, லாரியின் முன்சக்கரத்துக்கு முன்னால் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்தார். மானேஜர் ஓடி வந்தார். ஏதோ கூலிக்காரர்கள் தவறு என்றார். தானே இப்போதுதான் பார்த்துச் சத்தம் போட இருந்ததாகவும் சொன்னார். டாக்டரம்மா குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். மானேஜரின் குரல் கெஞ்சலாக மாறியது.

“எங்க மேல நம்பிக்கை இல்லையா டாக்டர்?”

“இல்லை” என்றார் டாக்டரம்மா.

கலப்பையை இறக்கினார்கள். சின்னத் தகட்டை ஏற்றினார்கள். ஸ்பிரிங், செருப்பு, மாட்டுகிற இரும்பு ஆணிகள், தூக்கி இறக்கும் கைப்பிடி ஒவ்வொன்றும் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வடாலா வரை தகட்டோடு தானும் போனார். என்னிடம் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. ஏறும்போது என் தோளை ஊன்றிக்கொண்டு ஏறினார், அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

லாரி போனதும் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மாட்டுங்காப் பெண் என்பதால் மரியாதையாகச் சொல்வதாகவும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். விசுவாசம் என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். லண்டனில் ஒரு டைப்பிஸ்ட் இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஆரம்பித்தபோது நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொஞ்ச நாளில் தாதரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இடம் கிடைத்தது. அங்கேயும் இதே மாதிரி ஆட்கள் இருந்தார்கள். ஆனால் மின்விசிறி இருந்தது.

டாக்டரம்மாவை மறுபடி பார்த்தது இரண்டு குளிர்காலம் கழித்து. ஊருக்குப் போகிற வழியில் சித்தி வீட்டில் ஒரு நாள் தங்கியவர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆபீஸ் முடிந்து போனேன். இளைத்திருந்தார். காபி குடித்துக்கொண்டே, தகடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

நன்றாகத்தான் இருக்கிறதாம். முதல் வருஷம் பின்சக்கரம் வழுக்கியது. சங்கிலி சுற்றி, பின்னால் கல் மூட்டை கட்டிய பிறகு சரியானது. பால் ஒரு நாளும் நிற்கவில்லை. நடுக்குளிரில் ரத்தம் கக்கிய ஒரு பையனைக் கட்டிலோடு மேலே கொண்டுவர முடிந்தது, பிழைத்துக்கொண்டான், இப்போது ஆஸ்பத்திரியிலேயே விறகு பிளக்கிறான் என்று, கீரை விலை சொல்வது போலச் சொன்னார்.

பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளை வெளேரென்ற மலைப்பாதையில் டிராக்டர் நிற்கிறது. சாய்த்து மாட்டிய தகடு தெரிகிறது. அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, தொப்பியும் கோட்டுமாக ஒரு ஆள் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். புலியைச் சுட்டவர் நிற்கிற மாதிரி இருந்தது. யார் இது என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர். இவர்தான் பார்த்துப் பார்த்து வாங்கினதா ஊரெல்லாம் பேச்சு. பத்திரிகையில கூட வந்துச்சு.”

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன்.

“சொல்லி? அவர் நிக்கறாரு, நிக்கட்டும். தகடு நல்லா இருந்தா சரி” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை, இன்றும் இல்லை. அந்தப் படத்தை நான் இன்னொரு முறை எடுத்து அந்த மனிதரின் மூஞ்சியை நன்றாகப் பார்த்தேன். மீசையை முறுக்கி விட்டிருந்தார். பாதையின் விளிம்பில், போட்டோவுக்கு வெளியே நின்ற யாருடைய நிழலோ ஒரு குடையோடு விழுந்திருந்தது.